பழமில்லாப் பாகும் தமிழில்லாப் புட்டியும்

கோடை பிறந்தால் தமிழகக் கடைத்தெருக்களில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய்ப் புட்டிகள் அணிவகுக்கின்றன. 'சிரப்பு' என்கிறான் ஒருவன். 'சர்பத்து' என்கிறான் மற்றொருவன். இரண்டும் 'குடித்தல்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லடியினின்று பிறந்தவை. அரபியர் தம் சொல்லை உலகிற்கு வழங்கினர், அதில் குற்றமில்லை. மணப்பாகு என்னும் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தமிழன் இரந்து நிற்பதுதான் இழிவு.

மணப்பாகு இன்று புனைந்த சொல்லன்று. மாதுளை மணப்பாகு, ஆடாதோடை மணப்பாகு, நன்னாரி மணப்பாகு எனச் சித்த மருத்துவர் வழிவழியாகச் செய்து வருவது. சாற்றோடு இனிப்பைச் சேர்த்துப் பாகுபதம் வரக் காய்ச்சி வடிப்பர். இனிப்புச் செறிந்தவிடத்தில் நுண்ணுயிர் பெருகுதற்கு வேண்டிய நீர் கிட்டாது. ஆகவே நெடுநாள் கெடாது நிற்கும். இன்றைய சட்டம் பழப்பாகிற்கு வகுத்த வரையறையும் இதை ஒட்டியதே: பழச்சாறு குறைந்தது 25 விழுக்காடு, கரைந்த திண்பொருள் 65 விழுக்காடு. சருக்கரை நீரில் சாயமும் செயற்கை மணமும் கலந்து பழப்பாகு என விற்றலாகாது.

நல்ல சட்டந்தான். ஆனால் உள்ளே இருப்பது பழமா சாயமா என்பதை எம்மொழியில் எழுத வேண்டும்? ஆங்கிலத்தில், அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில்! 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுவது இது. தமிழை வேண்டுமானால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாமாம். தன் குழந்தைக்குப் பாகு கலக்கித் தரும் தேனாம்பேட்டைத் தாய், அதிலுள்ள சாயத்தை அறிய அயல்மொழி கற்றுவர வேண்டும். அவள் ஊரிலேயே, அண்ணா சாலை மருத்துவப் பணிகள் வளாகத்தில், தமிழக உணவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் இருக்கிறது. உரோடமின்-பி என்னும் ஆடைச்சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்கு 2024 பிப்பிரவரியில் தடை வந்தது இத்துறையின் ஆய்வால்தான். சாயத்தைப் பிடிப்பது தேனாம்பேட்டை. அதன் பெயரை எம்மொழியில் எழுதுவதென விதி வகுப்பதோ தில்லி.

2023 மார்ச்சில் தயிர் உறைகளில் 'தகி' என்னும் இந்திச் சொல்லை முன்னிறுத்தப் பணித்தது நடுவண் ஆணையம். தமிழகம் எதிர்த்தெழவே, அம்மாதம் 30ஆம் நாளே பின்வாங்கியது. தயிருக்குக் கிளர்ந்த உணர்வு பாகிற்கு ஏன் எழவில்லை?

தில்லியை மட்டும் நொந்து பயனென்ன? தமிழில் எழுதாதே என எவ்விதியும் தடுக்கவில்லை. தமிழ்நாட்டிலேயே காய்ச்சித் தமிழர்க்கே விற்கும் முதலாளியோ, 'நன்னாரி' என்று முகப்பில் பெரிதாகத் தமிழில் பொறித்துவிட்டு, உட்பொருளை எறும்புக்கால் ஆங்கிலத்தில் ஒளித்து வைக்கிறான். வாங்கச் சொல்லத் தமிழ்; மறைப்பதற்கு ஆங்கிலம்! கடைக்குச் செல்லும் தமிழர் புட்டியைத் திருப்பிப் பார்த்து, "இதைத் தமிழில் எங்கே எழுதியிருக்கிறது?" எனக் கடைக்காரரைக் கேட்கட்டும். விடை கிட்டாவிடில், புட்டியை அங்கேயே வைத்துவிட்டு வரட்டும்.