கட்டடம் திறந்தா போதுமா? கூடலூர் குழந்தைக்கு மூச்சு வேணும்!

மழை இறங்கிருச்சு. தேவர்சோலை, சேரம்பாடி லைன் வீடுகளில் ஈரச் சுவர், விறகடுப்புப் புகை. ராத்திரி குழந்தைக்கு இழுப்பு. மறுநாள் கூலியை விட்டுட்டு அம்மா ஓடுறாங்க. சீட்டு, வரிசை, நெபுலைசர், சிரப், வீடு. அடுத்த மாசம் மறுபடி அதே ஓட்டம். இதுக்குப் பேரு சிகிச்சையா?

நெபுலைசர் அன்றைய இழுப்பைத்தான் அடக்கும். ஆஸ்துமா உறுதியான குழந்தைக்கு அடுத்த இழுப்பைத் தடுப்பது தினசரி இன்ஹேலர்!

உலக ஆஸ்துமா நோயாளிகளில் இந்தியாவின் பங்கு சுமார் 13 சதவீதம். ஆஸ்துமா மரணங்களிலோ 40 சதவீதத்துக்கும் மேல்! கவனிப்பில் உள்ள ஓட்டைதான் கொல்லுது.

"நிதி இல்லை"ன்னு சொல்லாதீங்க. டொயோட்டா ஆலையில் பிறந்த 'லீன்' முறை கோடிகளைக் கேட்கல. குழந்தை வாசலில் நுழைவது முதல் வீடு திரும்பும் வரை ஒவ்வொரு படியையும் எழுது. எங்கே வீணா நிக்குதுன்னு பாரு. ஒன்றை மாத்து. பலனை எண்ணிப் பாரு. 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய மதுரை அரவிந்த், இப்படி ஒவ்வொரு படியையும் சீர்படுத்தித்தான் லட்சக்கணக்கானோருக்குப் பார்வை தருது. கண்ணுக்கு முடிஞ்சது மூச்சுக்கு முடியாதா?

ஆட்சியாளர்களே, நாங்க கேட்பது:

✅ இன்ஹேலரும் ஸ்பேசரும் தட்டுப்பாடில்லாமல் கூடலூரிலேயே. 50 கி.மீ. தள்ளி ஊட்டிக்கு அலையவிடாதீங்க!
✅ வீட்டுக்கு அனுப்பும் முன் தாயே செய்து காட்டும் வரை பயிற்சி
✅ இழுப்பு வந்தா என்ன செய்யணும்னு தமிழில் ஒரு அட்டை
✅ மறுபரிசோதனைக்கு வராத குழந்தையை வீடு தேடிப் பார்க்க ஆள். பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கு வருதே, இது வராதா?
✅ திரும்பத் திரும்ப வரும் குழந்தைகள் எத்தனை? மாதாமாதம் பலகையில் எழுதுங்க!

ரிப்பன் வெட்டுறது ஒரு நாள். குழந்தை மூச்சு விடணும், தினமும்!

பகிருங்கள் உறவுகளே. கோட்டைக்குக் கேட்கட்டும்!

#மூச்சு_எங்கள்_உரிமை #கூடலூர்