பழுதை நிரூபிப்பது யார் பொறுப்பு?

புதிய கார் வாங்கிச் சில மாதங்களில் நடுரோட்டில் நின்றுவிடுகிறது. சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போய், சரிசெய்துவிட்டதாகச் சொல்லி அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் மறுபடி நிற்கிறது. நான்காவது முறை போகும்போதும், “வாரண்டி இருக்கு சார், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை” என்றே சர்வீஸ் அட்வைசர் சமாதானம் சொல்கிறார். கார் அங்கே நிற்கும் நாட்களிலும் வங்கிக் கடன் தவணை தேதி தவறாமல் கணக்கிலிருந்து போய்விடுகிறது. இப்படி மாட்டிக்கொண்டவருக்குச் சட்டம் என்ன தருகிறது?

ஏட்டளவில் நிறையவே தருகிறது. பொருளில் குறை உண்டென்று தெளிவானால் அதைச் சரிசெய்யவோ, புதிய பொருள் தரவோ, விலையை வட்டியோடு திருப்பித் தரவோ உத்தரவிட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 39 அதிகாரம் அளிக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். கார் வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். 10 லட்சம் வரையிலான காருக்கு மனுக் கட்டணம் 200 ரூபாயைத் தாண்டாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிழைப்புக்காகச் சொந்தமாக ஒரு டாக்சி வாங்கி ஓட்டுபவரும் இச்சட்டப்படி நுகர்வோர்தான்.

ஆனால், குறையை நிரூபிக்க வேண்டியவர் கார் வாங்கியவர். அங்கேதான் வழக்குகள் தடுமாறுகின்றன. வாரண்டி விதிப்படி பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றித் தருவதோதான் நிறுவனத்தின் கடமை, முழு வாகனத்தையும் மாற்றித் தர வேண்டியதில்லை என்று மாருதி உத்யோக் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு வந்த வழக்குகளில் நிறுவனங்கள் இத்தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்கின்றன. காரை மாற்றித் தர வேண்டுமானால் அது தயாரிப்பிலேயே வந்த குறை என்று காட்டு, நிபுணர் அறிக்கை கொண்டுவா என்கின்றன.

அந்த அறிக்கைக்கு எங்கே போவது? தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாட்களில் அறிக்கை பெறச் சட்டத்தில் வழி உண்டு. ஆய்வுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டியவர் புகார்தாரர். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. அதற்குள் கார் பழசாகிவிடுகிறது. “இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் என்ன குறை?” என்ற வாதமும் வந்துவிடுகிறது.

கையில் இருக்கும் சாட்சியமும் பலவீனமானது. சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். “மேட்டில் ஏறும்போது இன்ஜின் அணைந்துவிடுகிறது” என்று வாடிக்கையாளர் சொல்லியிருப்பார். அட்டையில் “ஜெனரல் செக்கப்” என்று இருக்கும். எந்தப் பாகத்தைக் கழற்றினார்கள், கணினியில் என்ன பிழைக் குறியீடு வந்தது என்பதற்குப் பதிலாக “செக்டு, ஓகே” என்ற இரண்டு சொற்கள். கீழே, வேலை திருப்தி என்று வாடிக்கையாளரின் கையெழுத்து. வண்டி வெளியே வந்தால் போதும் என்று அவசரத்தில் போட்ட அந்தக் கையெழுத்தே பிறகு அவருக்கு எதிரான ஆவணமாகிறது.

அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ‘லெமன் லா’ என்று அழைக்கப்படும் இவ்வகைச் சட்டத்தை 1982இல் கனெக்டிகட் மாநிலம் முதலில் கொண்டுவந்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நியூயார்க்கில் முதல் இரண்டு ஆண்டுகள் அல்லது 18,000 மைல், எது முந்துகிறதோ அதற்குள் ஒரே பழுதுக்கு நான்கு முறை முயன்றும் சரியாகவில்லை என்றாலோ, பழுதுபார்ப்பில் கார் மொத்தம் 30 நாட்கள் முடங்கினாலோ, சரிசெய்யப் போதிய வாய்ப்பு தரப்பட்டதாகச் சட்டமே அனுமானிக்கிறது. அதன் பிறகு பதில் சொல்ல வேண்டியது நிறுவனம். கலிஃபோர்னியாவில் நுகர்வோர் வென்றால் அவருடைய நியாயமான வக்கீல் கட்டணத்தையும் தயாரிப்பாளரே தர வேண்டும். அதனால் கையில் காசில்லாதவருக்கும் வழக்கை எடுத்து நடத்த வக்கீல் கிடைக்கிறார்.

நம் சட்டத்தில் இல்லாதவை இந்த இரண்டும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. ஆனால், அது ஒரே மாதிரியில் பலருக்கு வரும் குறைகளுக்கானது. ஒருவருடைய காரில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் பழுதுக்கு அது துணை வராது.

ஓட்டத் தெரியாமல் ஓட்டினார், கலப்பட எரிபொருள் போட்டார், வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்று நிறுவனங்கள் சொல்லும். உண்மையாகவே அப்படி இருக்கலாம். அதை அவர்கள் நிரூபிக்கட்டும். வரைபடம், உதிரிபாக வரலாறு, காரின் கணினிப் பதிவைப் படிக்கும் கருவி, அதே மாதிரிக் கார்களுக்கு வந்த புகார்கள் எல்லாம் அவர்கள் வசம் இருக்கின்றன. வாங்கியவரிடம் இருப்பது சாவியும் ரசீதும். விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் காரை மாற்றித் தரும் உத்தரவை 2022இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் நிபுணராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்றது. நான்கு முறை சர்வீஸுக்குப் போய் வந்தவருக்கும் இதே நியாயம் பொருந்தும்.

சட்டம் மாறும்வரை கார் வாங்கியவர்கள் செய்யக்கூடியவை உண்டு. ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன குறை சொன்னபடியே எழுதப்படும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் நகல் வாங்குங்கள். புகாரை டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாரண்டி இன்னும் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளே கெடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானத்தினர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும்.

இவை தற்காப்பு மட்டுமே. ஒரே பழுது குறிப்பிட்ட முறைக்கு மேல் திரும்பினால் அந்தக் கார் குறையுள்ளது என்ற அனுமானத்தையும், வென்றவரின் வக்கீல் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்ற விதியையும் நாடாளுமன்றம் சட்டத்தில் சேர்க்க வேண்டும். திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார்கள் உருவாகும் தமிழகத்திலிருந்தே இந்தக் கோரிக்கை எழலாம். ஒரகடத்தில் வாகன ஆய்வு மையமே இருக்கிறது. நுகர்வோர் ஆணையம் அனுப்பும் கார்களை அரசு செலவில் அங்கே சோதிக்க ஏற்பாடு செய்தால் நல்ல தொடக்கமாகும். தகவல் யார் கையில் இருக்கிறதோ, நிரூபிக்கும் சுமையையும் அவரே சுமக்க வேண்டும்.