சேர்மானத்தைச் சொல்லுங்கள்

அமெரிக்க சிகரெட் நிறுவனங்களுக்கும் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்துக்கும்: புகைத்தவர்கள், விட்டவர்கள், விட முடியாமலே போய்ச் சேர்ந்தவர்களின் வீட்டார் வைக்கும் கோரிக்கைகள்.

வயலில் விளைந்த இலை அப்படியே சிகரெட்டுக்குள் போவதில்லை. சர்க்கரை, அதிமதுரம், கோகோ கலந்த பாகு அதன்மேல் ஏறுகிறது. உதிர்ந்த தூளும் காம்பும் கூழாகி, தாளாக வார்க்கப்பட்டு, மறுபடி இலையோடு சேர்கின்றன. 1960-களில் பிலிப் மோரிஸ் அந்தத் தாளில் அம்மோனியச் சேர்மங்களைக் கலந்தது. அவை தொண்டையில் காறலைக் குறைக்கும்; காறல் குறைந்தால் புகை தாராளமாக உள்ளே இறங்கும். ஆய்வுக்கூடத்தில் இதற்கும் 'சுவை' என்றுதான் பெயர்.

1994-ல் நிறுவனங்கள் 599 சேர்மானங்களின் பட்டியலை வெளியிட்டன. எது எந்த பிராண்டில், எவ்வளவு என்பது மட்டும் அதில் இல்லை. ஊறுகாய் பாட்டில்கூட இதைவிட நேர்மையாகப் பேசும். 2009 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அந்த விவரம் பிராண்டு வாரியாக நிர்வாகத்தின் கைக்குப் போகிறது. வர்த்தக ரகசியம் என்று அங்கேயே தங்கிவிடுகிறது. அதை வெளியே வையுங்கள். பெயரோடும் அளவோடும் நிற்காமல், ஒவ்வொன்றும் எதற்காகச் சேர்க்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். 'சுவைக்காக' என்ற ஒற்றைச் சொல்லை நாங்கள் ஏற்கமாட்டோம்.

இலை குறித்த ஆய்வுகள் நடக்கும்போதே பதிவாக வேண்டும். பிரவுன் அண்ட் வில்லியம்சன் நிறுவனம் வழக்கமான இலையைவிட இரு மடங்கு நிகோடின் கொண்ட 'ஒய்-1' ரகத்தைப் பிரேசிலில் பயிரிட்ட கதை, நிர்வாகத்தின் அன்றைய ஆணையர் டேவிட் கெஸ்லர் 1994 ஜூனில் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன பிறகே ஊருக்குத் தெரிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், நிகோடின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்று ஏழு நிறுவனத் தலைவர்கள் அதே குழுவின் முன் சத்தியம் செய்து சொல்லியிருந்தார்கள். ஒய்-1 நிறுவனத்தின் தலைவரும் அந்த வரிசையில் இருந்தார்.

மென்தாலைத் தடை செய்யுங்கள். பழச்சுவை, கிராம்புச்சுவை சிகரெட்டுகளை 2009-லேயே விலக்கிய சட்டம் இதை மட்டும் விட்டுவைத்தது. தொண்டையைக் குளிர்விக்கும் இந்தப் பொருள்தான் புதிதாகப் பழகுபவருக்கு முதல் இழுப்பை எளிதாக்குகிறது. புகைக்கும் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் கையில் இருப்பதும் இதுவே. 2022-ல் முன்மொழியப்பட்ட தடை 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. கனடாவாலும் ஐரோப்பிய ஒன்றியத்தாலும் முடிந்த காரியம் இது.

நைட்ரோசமைன்களுக்கு உச்சவரம்பு வையுங்கள். உலர்த்தும் கொட்டகைக்குள் எரிவாயுப் புகை இலையில் நேரடியாகப் படும்போது இந்தப் புற்றுநோய்க் காரணிகள் பெருகுகின்றன. புகை படாமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் அமைப்பால் இவை வெகுவாகக் குறையும். அந்தச் செலவை விவசாயி தலையில் கட்டாதீர்கள்.

நிறுவனங்களே, அம்மோனியா சேர்த்ததை நீதிமன்ற உத்தரவுக்குப் பணிந்து 2017-ல் பத்திரிகைகளில் நீங்களே விளம்பரமாக அச்சிட்டீர்கள். மற்றவற்றுக்கும் இன்னொரு வழக்கு வரும்வரை காத்திருக்க எங்களில் பலருக்கு நுரையீரல் மிச்சமில்லை. பதிலை எழுத்தில் தாருங்கள். ரகசியம் என்று மறுப்பதானால், எந்தப் பொருள், எந்த பிராண்டு, என்ன காரணம் என்று வரிவரியாக எழுதி மறுங்கள்.