ஊசிக்கு வலது இடது இல்லை

இடக்கைப் பழக்கமுள்ள ஒருவர் இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னுகிறார். அடுத்து குரோஷா கற்க விரும்புகிறார். “நிட்டிங்கை எல்லாரையும் போலத்தானே போடுறீங்க? இதையும் சோத்துக்கையாலேயே போட்டுடுங்க” என்பதுதான் அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இரண்டு வேலையிலும் கைகள் எடுத்துக்கொள்ளும் பங்கு ஒன்றல்ல. அதனால் இந்த யோசனை பலருக்கு உதவுவதில்லை.

நிட்டிங்கில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே காத்திருக்கும். ஒவ்வொன்றாக ஓர் ஊசியிலிருந்து மற்ற ஊசிக்குப் போகும். ஒரு கை கண்ணியை நகர்த்திக் கொடுக்க, மறு கை வாங்கிக்கொள்ளும். வேலை இரண்டு கைக்கும் பகிர்ந்துபோவதால், இடக்கைக்காரர் பலர் வழக்கமான முறையிலேயே பின்னிப் பழகிவிடுகிறார்கள். குரோஷாவில் ஊசி ஒன்றே. கண்ணிக்குள் நுழைவது, நூலைக் கொக்கியில் மாட்டுவது, வெளியே இழுப்பது எல்லாம் ஊசி பிடித்த கையின் வேலை. மறு கை நூலை இறுக்கம் குலையாமல் விட்டுக்கொடுத்து, பின்னியதைப் பிடித்திருக்கும். ஆகவே நுணுக்கமான வேலைக்கு எந்தக் கை இயல்பாக முன்னே வருகிறதோ, அந்தக் கையில் ஊசி இருப்பதே நல்லது.

இதில் நிட்டிங் தெரிந்தவருக்கு ஒரு சிறு கணக்கு உண்டு. நீங்கள் பின்னும்போது நூலை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள். வலது கையில் என்றால், ஊசியை இடது கையில் எடுத்துக் குரோஷா போடும்போதும் நூல் வலது கையில்தான் இருக்கும். விரல் பழகிய இறுக்கம் அப்படியே கைகொடுக்கும். நூலை இடது கையில் பிடித்துப் பின்னுபவர் என்றால், வலது கையில் ஊசி பிடிப்பதும் உங்களுக்கு ஒத்துவரலாம். இரண்டு கையிலும் சில வரிசைகள் போட்டுப் பார்த்து, கண்ணிகள் எதில் சீராக விழுகின்றனவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஆயத்த ஆடை நிறுவனங்களிலோ, படைவீரர் சீருடை தைக்கும் ஆவடி ஆடைத் தொழிற்சாலையிலோ வேலைபார்த்தவர்களுக்குத் தையல் இயந்திரத்தின் அமைப்பு தெரியும். சுழற்றும் சக்கரம் வலப்புறம், ஊசி இடப்புறம். யார் உட்கார்ந்தாலும் கைதான் இயந்திரத்துக்கு ஏற்ப மாற வேண்டும். கத்தரிக்கோலிலும் இடக்கைக்காரருக்கென்று தனி வகை தேவைப்படுகிறது. குரோஷா ஊசிக்கு அந்தத் தொல்லை இல்லை. கொக்கியை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தால் போதும். தனியாக எதையும் வாங்க வேண்டாம்.

அதோடு, குரோஷா இன்றும் கைவேலைதான்; கையை மாற்றச் சொல்லும் இயந்திரம் இதில் இல்லை. ஆந்திராவின் நரசாபுரத்துப் பெண்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து போட்டுவரும் குரோஷா லேஸ் 2024-இல் புவிசார் குறியீடு பெற்றது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதுவும் பலர் கையால் போட்ட துண்டுகளை இணைத்ததுதான்.

இடது கையால் போடும்போது மாறுவது திசை. வலக்கைக்காரர் வரிசையை வலமிருந்து இடமாகக் கொண்டுபோவார். நீங்கள் இடமிருந்து வலமாகப் போவீர்கள். வட்டமாகப் போடும்போது, முன்பக்கத்திலிருந்து பார்த்தால், அவருடையது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். உங்களுடையது முள்ளோடு சுற்றும். கண்ணிகளின் எண்ணிக்கை, வகை, வரிசைக் கணக்கு எதுவும் மாறாது. பூ, வட்ட விரிப்பு, சதுரத் துண்டு போன்றவற்றில் திசை மாறியது பார்ப்பவர் கண்ணுக்குப் படாது.

மூன்று இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். முதலாவது, எழுத்தோ உருவமோ வரும் கட்ட வரைபடம். முதல் வரிசையை வலமிருந்து படிக்கச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் இடமிருந்து படியுங்கள். உருவம் நேராக வரும். குறிப்பில் சொன்னபடியே வலமிருந்து படித்தால் பெயர் இடவலம் மாறி விழும். இரண்டாவது, முன்பக்கம் திறந்த மேலாடை. குறிப்பில் வலது முன்பாகம் என்றிருப்பது உங்கள் கையில் இடது முன்பாகமாக வரும். இரண்டையும் இடம் மாற்றி இணைத்துவிடலாம். பொத்தான் துளை எந்தப் பக்கம் வேண்டும் என்பதை மட்டும் தொடங்குமுன் முடிவு செய்யுங்கள். மூன்றாவது, குறியீட்டுப் படம். அதை இடவலமாகத் திருப்பி அச்செடுத்துக்கொண்டால் பார்த்துப் போடுவது எளிது.

இடக்கையின் தலையில் கட்டப்படும் பழிகளில் பாதி அதற்கு உரியதல்ல. ஓரம் குறுகிக்கொண்டே போகிறதா? வரிசை திரும்பும் இடத்தில் போடவேண்டிய செயினை விட்டிருப்பீர்கள், அல்லது கடைசிக் கண்ணியைத் தவறவிட்டிருப்பீர்கள். முதல் செயின் வரிசை சுருங்குகிறதா? நூலை இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். அந்த வரிசைக்கு மட்டும் ஓர் அளவு பெரிய ஊசி எடுங்கள். அளவே பொருந்தவில்லையா? அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் குரோஷா என்பது பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் குரோஷா. எந்த ஊர்க் குறிப்பு என்று முதலில் பாருங்கள். இவையெல்லாம் வலக்கைக்காரருக்கும் நேர்பவை.

வலக்கைக்காரரிடம் கற்கும்போது அவர் பக்கத்தில் உட்காராதீர்கள், எதிரே உட்காருங்கள். அவர் கையசைவு கண்ணாடியில் தெரிவதுபோல உங்கள் கைக்கு நேராக வரும். காணொளி என்றால், இடவலமாகத் திருப்பிக் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் திரைக்கு எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்தி அதில் பாருங்கள்.

வகுப்பு எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். அப்படி ஒருவர் வந்தால், அவர் கையிலிருக்கும் ஊசியை வாங்கி மறு கையில் திணிக்காதீர்கள். உங்கள் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.