எல்லாக் கதைகளையும் எழுதியவர் அட்மின்

ஓர் இணைய இதழின் பழைய படைப்புகளை வேறு தளத்துக்கு மாற்றித் தரும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. இதழின் பெயர் வேண்டாம். வேர்ட்பிரஸில் இயங்குவது. அதன் ரெஸ்ட் ஏபிஐயிடம் ஒவ்வொரு படைப்பையும் எழுதியவர் யார் என்று கேட்டேன். சிறுகதை, கவிதை, நேர்காணல், எல்லாவற்றுக்கும் ஒரே எண் வந்தது. அந்த எண் யாருடையது என்று பார்த்தால், அட்மின்.

மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. வேர்ட்பிரஸுக்கு ஆசிரியர் என்றால் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர். இதழிலோ எல்லாவற்றையும் ஒருவரே பதிவேற்றுகிறார். எழுதியவர் பெயர் படைப்புக்குள்ளே தடித்த எழுத்தில் கிடக்கிறது. ஒன்றில் மேலே, இன்னொன்றில் கீழே. மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் 'தமிழில்', வேறிடத்தில் 'மொழியாக்கம்'. தேதியும் பதிவேற்றிய நாள்தான். அறுபதுகளில் வந்த கதையை 2019இல் மறுபிரசுரம் செய்தால், ஏபிஐக்கு அது 2019இன் கதை.

"பேருதான் போட்டிருக்கோமே, படிக்கிறவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் ஆசிரியர். படிக்கிறவனுக்குத் தெரியும் சார். ஆனால் தளம் மாறும்போது, ஒரு மொழிபெயர்ப்பாளரின் படைப்புகளை மட்டும் தொகுக்க நினைக்கும்போது, அந்தப் பெயரை எங்கே போய்த் தேடுவது? நான் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கையால் எடுத்தேன். சில மொழிபெயர்ப்புகளில் பெயரே இல்லை.

இதற்கு வழி 2016 டிசம்பரிலிருந்தே இருக்கிறது. வேர்ட்பிரஸ் 4.7இல் பதிவுகளுக்கான ஏபிஐ மையத்துக்குள் வந்தது. நாமே சேர்க்கும் கூடுதல் புலங்களை அது தானாக வெளியே காட்டாது. ஒவ்வொன்றையும் பதிவு செய்து, 'ஷோ இன் ரெஸ்ட்' என்பதை ஆம் என்று வைக்கணும். மொழிபெயர்ப்பாளர் இருவர் என்றால் 'சிங்கிள்' என்பதை இல்லை என்று வைத்தால் பட்டியலாக வரும். சில வரிகள்தான். தீமுக்குள் எழுதாமல் சின்னப் பிளகினாக எழுதுங்கள். தீம் மாறினாலும் போகாது.

அந்தக் கதவு மூடியே இருப்பதும் நல்லதுதான். எழுத்தாளரின் தொலைபேசி எண்ணும் ஆசிரியர் குழுவின் குறிப்பும் அதே இடத்தில் இருக்கலாம். புனைபெயரில் எழுதுகிறவரின் உண்மைப் பெயரைக் காட்டலாமா? முதல் பிரசுரத்தின் ஆண்டு வேண்டுமா? மூலமொழி? இதையெல்லாம் "டெக்னிக்கல் விஷயம் தம்பி, நீங்களே பாத்துக்குங்க" என்று என் தலையில் கட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒற்றுப்பிழைக்கு ஒரு மணி நேரம் சண்டை போடும் ஆசிரியர் குழு, மொழிபெயர்த்தவரின் பெயர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கக்கூடாதா?

நான்கு புலங்கள் போதும்: எழுதியவர், மொழிபெயர்த்தவர், மூலமொழி, முதலில் வெளிவந்த ஆண்டும் இடமும். நிரலை நான் இலவசமாக எழுதித் தருகிறேன். அவற்றை நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள்.