வாவியின் இரு கரைக்கும் வரி, சொத்துரிமை ஆலோசனை வேண்டும்: கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர், மாவட்டச் செயலகம், மட்டக்களப்பு.
பிரதிகள்: ஆணையாளர் நாயகம், உள்நாட்டு இறைவரித் திணைக்களம், காணிப் பதிவாளர், மட்டக்களப்பு, சட்ட உதவி ஆணைக்குழு.

பொருள்: தனிநபர் வருமான வரி, மரணசாதனம், காணி உரித்து குறித்துத் தமிழில் இலவச ஆலோசனை வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் வாழும் ஓய்வூதியர், வாவி மீனவர், வயல் செய்வோர், தனித்து நின்று குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் ஆகியோரே எமது சங்கத்தின் உறுப்பினர்கள். எங்களில் பெரும்பாலானோருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை. ஒரு வீடு, வளவு, கொஞ்ச வயல், வங்கியில் போட்ட சிறு தொகை, அவ்வளவுதான் ஆதனம். அதுவும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத காரணத்தால் கைநழுவிப் போகிறது.

2025 ஏப்ரல் 1 முதல் வைப்பு வட்டியில் பிடிக்கப்படும் நிறுத்திவைத்தல் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. அதே நாளிலிருந்து தனிநபர் வரி விலக்கு வருடத்துக்கு 12 இலட்சம் ரூபாவிலிருந்து 18 இலட்சமானது. வருமானம் அந்த எல்லையைத் தாண்டாதவர் டின் (வரி செலுத்துநர் அடையாள) இலக்கத்தோடு சுய வெளிப்படுத்துகைப் படிவத்தை வங்கியில் ஒப்படைத்தால், வரி பிடிபடாமல் வட்டி கிடைக்கும். வரி கூடிய செய்தி எல்லோருக்கும் எட்டியது; விலக்கும் படிவமும் பற்றிய செய்தி எட்டவில்லை. பத்து இலட்சம் வைப்புக்கு எட்டு வீதம் வட்டி என்றால் வருடம் 80,000 ரூபா. அதில் 8,000 போய்விடுகிறது. எமது உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்தாலும் எல்லையின் பாதியைத் தொடாது. படிவம் கேட்டு மூன்று தடவை பஸ் ஏறியவர், கடைசியில் ஆங்கிலப் படிவமொன்றை மடித்துக் கைப்பையில் வைத்தபடி எங்களிடம் வந்தார்.

2024 ஜனவரி 1 முதல் 18 வயது நிரம்பிய எல்லோரும் டின் இலக்கத்துக்குப் பதிய வேண்டும் என்று ஆனபோது, பதிந்தால் வரி வந்துவிடும் என்ற பயம் ஊர் முழுக்கப் பரவியது. பதிவு வேறு, வரி வேறு என்று ஒருவர் வந்து சொல்லியிருந்தால் போதும். ஏற்கெனவே பிடிபட்ட பணத்தையும் வருமான அறிக்கை சமர்ப்பித்து மீளக் கேட்கலாம். நவம்பர் 30 அறிக்கைக்கான கடைசி நாள் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு காணியில் நேர்கிறது. தாய் வீடு மகளுக்கு என்பது எங்கள் பகுதியின் வழமை. கலியாணத்தோடு மகள் வீட்டுக்காரி ஆகிவிடுவாள். பெற்றோர் பக்கத்து வளவில் குடிசை போட்டு ஒதுங்குவர். ஊர் ஒப்புக்கொள்ளும், உறுதி மட்டும் எழுதப்படாது. தாய்வழி உரித்தைக் காத்த முக்குவர் சட்டம் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் இங்கு செல்லாது. எழுத்தில்லாமல் தாய் இறந்தால் சொத்தில் பாதி கணவனுக்கு, மற்றப் பாதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. நான்கு பிள்ளைகள் என்றால், இருபது வருடம் அந்த வீட்டில் வாழ்ந்து கூரை மாற்றிய மகளுக்கு எட்டில் ஒன்றுதான். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் மகளுக்கு வீடு கொடுக்கும் இதே வழக்கம் உண்டு; அங்கே எழுத்தில்லாத சொத்து 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாதனமில்லா உரித்துச் சட்டத்தின்படி பிரியும், மகளின் பங்கு மகனின் பங்கில் பாதி.

மண்டூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் தகரப்பெட்டியோடு படகுப்பாதையில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்தார். பெட்டிக்குள் பொலித்தீனில் சுற்றிய பழைய உறுதி, அம்மம்மாவின் பெயரில். அதன்பின் இரண்டு தலைமுறை போய்விட்டது, ஒரு எழுத்தும் இல்லை. வீட்டுக் கடனுக்கு வெளிநாட்டிலிருக்கும் சகோதரர் இருவரின் அற்றோணித் தத்துவம் வேண்டுமாம். சீவிய உரித்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அம்மா நன்கொடை உறுதி எழுதியிருக்கலாம். நொத்தாரிசும் இரு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள், இருந்தால் மரணசாதனம் செல்லும் என்பதும் அந்த வீட்டில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சுனாமியிலும் யுத்த இடப்பெயர்விலும் உறுதியையே தொலைத்தவர்களுக்கு இந்தப் பெட்டிகூட இல்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியரைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது. கணவன் பெயரில் வயலும் வங்கிக் கணக்கும் இருக்க, மரணச் சான்றிதழ் வாங்க அவர்களுக்கு மனம் இடங்கொடுப்பதில்லை. அதை நாங்கள் மதிக்கிறோம். 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தந்த காணக்கிடைக்காமைச் சான்றிதழைக் கொண்டு, இறப்பைப் பதியாமலே சொத்து அலுவல்களைப் பார்க்கலாம் என்று அவர்களிடம் பக்குவமாகச் சொல்லத் தெரிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் மாதம் ஒரு நாள் இறைவரி உத்தியோகத்தர், காணி உத்தியோகத்தர், சட்ட உதவி ஆணைக்குழுச் சட்டத்தரணி மூவரும் ஒரே மேசையில் இருக்கும் நடமாடும் சேவையை நடத்தித் தருமாறு கேட்கிறோம். படுவான்கரையில் அது முதலில் தொடங்கட்டும். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டும், அங்கிருந்து நகரத்துக்கு வந்துபோக ஒரு நாட்கூலி போய்விடும். சுய வெளிப்படுத்துகைப் படிவமும் டின் விண்ணப்பமும் தமிழில் அச்சாகி ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் கிடைக்க வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்ட அனுமதிப்பத்திரக்காரரில் பின்னுரித்தாளர் பெயர் குறிக்காதவர்களைப் பேரேட்டிலிருந்து பிரித்தெடுத்துக் கடிதம் அனுப்ப வேண்டும். ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை தந்த அட்டவணை 2022 இல் திருத்தப்பட்டதை அக்கடிதத்திலேயே குறிப்பிட்டால், மகள் பெயரை எழுதத் தயங்கும் தகப்பன்மார் துணிவார்கள்.

மண்டபம், கதிரை, தேநீர், வீடு வீடாகச் சொல்லும் வேலை எல்லாவற்றையும் சங்கம் ஏற்றுக்கொள்ளும். முதல் நாளுக்குரிய திகதியை எழுத்தில் அறியத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இவ்வண்ணம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
(சங்க உறுப்பினர்கள் சார்பில்)
மட்டக்களப்பு