வழியில் வரும் உபகாரி

திருட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் அமாவாசை இருட்டும் கன்னக்கோலும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் சாலைப் பிரயாணிகளைப் பிடிக்கும் திருட்டுக்கு இருட்டு வேண்டியதில்லை. அது பட்டப்பகலில், மிகுந்த மரியாதையுடன், உபகாரத்தின் வேஷம் பூண்டு வருகிறது.

"ஸார், உங்கள் பணம் கீழே விழுந்து கிடக்கிறதே!" என்கிறார் ஒருவர். பார்த்தால், நாலைந்து பத்து ரூபாய் நோட்டுகள். அவற்றைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்வதற்குள், பாங்கியிலிருந்து எடுத்துவந்து வண்டியில் மாட்டிய பை மறைந்துவிடுகிறது. மற்றொருவர், "சட்டையில் ஏதோ அசிங்கம் பட்டிருக்கிறது" என்று சொல்லித் துடைக்கத் தண்ணீரும் தருகிறார். இன்னும் இருவர் தங்களைப் போலீஸார் என்று சொல்லிக்கொண்டு, "அம்மா, அடுத்த தெருவில் கொலை நடந்திருக்கிறது; நகைகளைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்; தாங்களே மடித்தும் கொடுக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தால் கூழாங்கற்கள்!

ஜி.எஸ்.டி. ரோட்டில் தினந்தோறும் போய்வரும் தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் நேயர்களின் காதில் இவற்றுள் ஒன்றேனும் விழாமல் இருந்திராது. இது நம் ஊருக்கு மட்டும் ஏற்பட்ட அபகீர்த்தியும் அன்று. ஸ்பெயின் தேசத்து நெடுஞ்சாலைகளில், அந்நிய நாட்டு எண் தாங்கிய மோட்டார்களை நோக்கி, "உங்கள் வண்டியில் ஏதோ கோளாறு" என்று கைகாட்டி நிறுத்தச் செய்து கொள்ளையடிக்கும் கூட்டத்தாரைப்பற்றிப் பிரிட்டிஷ் சர்க்கார் தன் பிரஜைகளை எச்சரித்திருக்கிறது. தேசமும் பாஷையும் வேறு, தந்திரம் ஒன்றே.

தந்திரம் பழையதுங்கூட. 1830-களில் ஸ்லீமன் என்ற ஆங்கில உத்தியோகஸ்தர் வட இந்தியச் சாலைகளில் தேடிப் பிடித்த தக்கர்கள், வழித்துணையாக வந்து சிநேகம் பிடித்து, நம்பிக்கை பெற்ற பிறகே காரியத்தை முடித்தார்கள் என்று அக்காலத்துச் சர்க்கார் தஸ்தாவேஜுகள் கூறுகின்றன.

இதிலிருந்து ஆங்கில ஆட்சி கற்ற பாடமோ விபரீதமானது. கள்வனைப் பிறப்பினால் அறியலாம் என்று எண்ணி, 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது; 1911-இல் அது சென்னை மாகாணத்திலும் புகுந்தது. குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற பேதமின்றிச் சமூகம் சமூகமாக ஜனங்கள் கைரேகை கொடுத்துப் போலீஸ் கண்காணிப்பில் கிடந்தார்கள். 1947-இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டம் போயிற்று; ஆனால் கந்தல் உடுத்தியவனைக் கண்டால் பையை இறுக்கிக்கொள்வதும், சலவைச் சட்டைக்காரரிடம் பெட்டியை ஒப்படைப்பதுமான வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. மோசக்காரனுக்கு அதைவிடச் சௌகரியம் வேறில்லை.

அப்படியானால் யாரைத்தான் நம்புவது? யாரையும் நம்பாமல் பிரயாணம் செய்வது சாத்தியமில்லை. அது மனிதத்தன்மையும் ஆகாது. நாம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் விதி ஒன்று உண்டு: நாமாகத் தேடிப்போய் உதவி கேட்கும் மனிதர் அநேகமாக யோக்கியராகவே இருப்பார், கேளாமல் நம்மைத் தேடிவரும் உபகாரியைத்தான் ஒரு நிமிஷம் பரிசீலிக்க வேண்டும். நூறு பேர் நடமாடும் இடத்தில் நாம் தேர்ந்தெடுப்பவர் திருடராக அமைவது அபூர்வம். நம்மைத் தேர்ந்தெடுத்தவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதே கேள்வி.

2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் விடியற்காலையில் இறங்குகிறவர்கள் இந்த விதியை அனுசரித்துப் பார்க்கலாம். பெட்டியைப் பற்ற வருகிறவரை விட்டு, நாமே மாநகரப் பஸ் நிற்குமிடத்தையோ விசாரணை இடத்தையோ நாடிப் போகலாம். ஆட்டோவில் ஏறுவதானால் முன்னதாகக் கணக்குப் போட்டுக்கொள்வது நலம். 2013 ஆகஸ்டில் சர்க்கார் நிர்ணயித்த விகிதம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்பால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய்; அதன்படி பத்துக் கிலோமீட்டருக்குச் சுமார் 123 ரூபாய். இத்தனை வருஷத்து விலைவாசி உயர்வை எண்ணி, ஓட்டுகிறவர் சற்று அதிகம் கேட்பதை மோசடி என்று சொல்லமாட்டோம். கணக்குத் தெரிந்தவர் பேசித் தீர்க்கலாம். தெரியாதவர் கேட்டதைக் கொடுக்கவேண்டியதுதான்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் ஏமாந்தால், செய்யவேண்டியது ஒன்று: வாய் திறந்து சொல்ல வேண்டும். "படித்தவர் இப்படி ஏமாறலாமா?" என்று நாலுபேர் சிரிப்பார்களே என்ற வெட்கந்தான் கள்வனுக்கு அழியாத மூலதனம். புகார் இல்லாத திருட்டு மறுநாள் அதே இடத்தில் மீண்டும் நடக்கிறது. உடனே 112-ஐ அழைக்கலாம். பணம் செல்போன் வழியாகப் போயிருந்தால் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதைத் தடுத்து நிறுத்த இடமுண்டு. 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்கென்றே தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகம் இருக்கிறது. "சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று எந்த ஸ்டேஷனிலும் திருப்பியனுப்ப இயலாது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய நாகரிக சுரக்ஷா ஸம்ஹிதையின் 173-ஆவது பிரிவு, எங்கே நடந்த குற்றத்தையும் எந்த ஸ்டேஷனிலும் தெரிவிக்க இடங்கொடுக்கிறது. வெளிநாட்டில் பாஸ்போர்ட் பறிபோனாலும், முதலில் அவ்விடத்துப் போலீஸ் புகார், பிறகு இந்தியத் தூதராலயம் என்பதே முறை.

கடைசியாக ஒரு வார்த்தை. நாமும் ஒருநாள் யாருக்காவது உபகாரியாகப் போய் நிற்போம். பின் சக்கரத்தில் காற்றில்லை என்று சொல்லப்போகும் நம்மைக் கண்டு ஓர் அம்மாள் பையை அணைத்துக்கொண்டு ஒதுங்கினால், அதை அவமானமாகக் கொள்ளவேண்டாம். நாலடி தள்ளி நின்றே சொல்லிவிட்டு, நம் வழியே போகலாம். உண்மையான உதவிக்கு அவ்வளவு தூரம் போதும்.